ரப்பர் ஸ்டாம்பும் பொங்கல் வாழ்த்தட்டையும்: தாள், மை, ஈரம்

கைவினைப் பொருள் விற்கும் கடைக்குள் நுழைந்ததும் கண் போவது ஸ்டாம்ப் தொங்கும் சுவர் பக்கம்தான். புதிதாக ஆரம்பிக்கிறவர் கையிலிருக்கும் பணத்தில் முக்கால்வாசியை அங்கேயே விட்டுவிட்டு, மைக்கு ஆபீஸ் ஸ்டாம்ப் பேடும் அட்டைக்குப் பளபளப்பான சார்ட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். முதல் கார்டிலேயே கோடு பஞ்சுபோல் பரவும். விரல் பட்டால் இழுபடும். ஸ்டாம்ப் சரியில்லை என்று அடுத்த வாரம் இன்னொன்று வாங்குவார். ஸ்டாம்ப்மேல் ஒரு குற்றமும் இருக்காது.

செலவின் வரிசையை இந்த வேலையில் தலைகீழாகப் போட வேண்டும். முதலில் தாள், அடுத்து மை. ஸ்டாம்ப் கடைசி; அதை அழிரப்பரிலேயே வெட்டிக்கொள்ளவும் முடியும்.

இன்னொரு சங்கதி நம் ஊருக்கே உரியது. தை பிறக்கும்போது போய்ச் சேர வேண்டிய கார்டை, கார்த்திகையிலும் மார்கழியிலும்தான் செய்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை, அது விட்டால் பனி. வருடத்தில் தாள் அதிகமாக ஈரம் குடிக்கும் காலம் அது. வெளிநாட்டு வீடியோக்களில் ‘இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும்’ என்று சொல்கிற மை, டிசம்பர் மாதச் சென்னையில் மறுநாள் காலையிலும் விரலில் ஒட்டும். ஆகவே 20 பொங்கல் கார்டு செய்வது என்று கணக்கு வைத்துக்கொண்டு, தாளிலிருந்து தொடங்குவோம்.

தாள்

அடி அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), மேற்பூச்சு இல்லாத தாள். 200-க்குக் கீழே போனால் கார்டு நிற்காது, சாய்ந்துவிடும். 300-க்கு மேல் போனால் மடிப்பில் வெடிக்கும். பூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லையா, ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்துப்போல் அப்படியே நின்றால் பூச்சுத் தாள். பெரும்பாலான மைகள் அதில் காயாமல் அடம்பிடிக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜார்ஜ் டவுன் ஆண்டர்சன் தெருப் பக்கம் போனால் தாளுக்குப் பஞ்சமில்லை. மற்ற ஊர்களில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ்ஸில் கட்டிங் வேஸ்ட் கேட்டுப் பாருங்கள். இரண்டு விரற்கடை அகலத்தில் நல்ல தாளின் துண்டுகள் மூட்டையாகக் கிடக்கும். மை சோதிப்பதற்கும் மேலடுக்கு ஒட்டுவதற்கும் அதைவிட நல்ல சரக்கு கிடையாது.

புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம் பார்க்க அழகுதான். ஆனால் அதன் சொரசொரப்பில் மெல்லிய கோடுகள் விட்டுவிட்டுப் பதியும். தடித்த உருவங்களுக்கும் ஓரத்தைக் கையால் கிழித்து மேலே ஒட்டுவதற்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து பதிக்க வேண்டாம்.

தாளுக்கு இழை ஓட்டம் உண்டு. அதை அசட்டை செய்தால் மடிப்பு பல்போல் வெடித்து, உள்ளே இருக்கும் வெள்ளை நார் தெரியும். கண்டுபிடிப்பது சுலபம். ஏ4 தாளை நீளவாக்கில் லேசாக வளைத்துப் பாருங்கள், பிறகு அகலவாக்கில். எந்த வளைவு முரண்டு பிடிக்காமல் வருகிறதோ, அந்த வளைவின் முதுகுக்கோடு போகும் திசைதான் இழை ஓடும் திசை. மடிப்பும் அதே திசையில் விழ வேண்டும். ஏ4 தாள்களில் பெரும்பாலும் இழை நீள வாக்கில் ஓடும். அப்படிப்பட்ட தாளைக் குறுக்கே பாதியாக வெட்டினால் 148.5-க்கு 210 மில்லிமீட்டரில் இரண்டு துண்டு. அதை 105-ல் மடித்தால் மடிப்பு இழையோடு போகும். அதே தாளை நீளவாக்கில் இரண்டு பட்டையாக வெட்டி மடித்தீர்களென்றால் மடிப்பு இழையைக் குறுக்கே ஒடிக்கும். ஒரே தாள், ஒரே அளவுக் கார்டு, வெட்டிய விதம்தான் வேறு. கடைக்காரர் பெரிய ஷீட்டிலிருந்து ஏ4 வெட்டிக் கொடுத்திருந்தால் ஓட்டம் எப்படியும் இருக்கலாம். வளைத்துப் பார்த்துவிட்டே கத்தியை எடுங்கள்.

மடிக்கும் முன் கோடு அழுத்த வேண்டும். மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவும் இரும்பு ஸ்கேலும் போதும். அடியில் பழைய மவுஸ் பேடோ நாலைந்து செய்தித்தாளோ இருக்கட்டும். அழுத்திய பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் வரும். பள்ளம் கார்டின் வெளியே, மேடு உள்ளே என்பதுதான் சரி. பள்ளத்துக்குள்ளேயே மடிக்கத்தான் கை போகும். அப்படி மடித்தால் நார் இழுபட்டுக் கிழியும். மடித்த பிறகு எவர்சில்வர் கரண்டியின் முதுகால் ஒருமுறை நீவிவிடுங்கள், நேரடியாக அல்ல, மேலே ஒரு வெற்றுத் தாளை வைத்து. இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும்.

இந்த அளவை எடுத்துக்கொள்வதற்குத் தபால் கணக்கும் ஒரு காரணம். 250 ஜிஎஸ்எம் ஏ4 தாளின் எடை ஏறக்குறைய 15.6 கிராம், பாதி 7.8. மேலே ஒட்டும் 160 ஜிஎஸ்எம் துண்டு 2 கிராம், 114-க்கு 162 மில்லிமீட்டர் உறை 5 கிராம் சுமார். ஆக 15. சாதாரணத் தபாலின் முதல் எடைப்படியான 20 கிராமுக்குள் வசதியாக அடங்குகிறது. முழு ஏ4-ஐ மடித்த பெரிய கார்டு, உறையோடு சேர்ந்ததுமே 20-ஐத் தாண்டிவிடும்.

மை

ஆபீஸ் பேடில் இருக்கும் மை காயாமலே இருப்பதற்கென்று செய்யப்பட்டது. அதில் கிளிசரின் வகையறா இருப்பதால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு எப்போதும் பதமாகவே இருக்கும். ரசீதில் சீல் குத்த அது வசதி. கார்டில் அதே குணம் கோட்டைப் பரப்பும். மழைநாளில் இன்னும் மோசம். மேலே வாட்டர் கலர் தீட்டினால் ஊதா நதிதான்.

கைவேலைக்கான மைகளில் டை மை தாளுக்குள் ஊறும், சீக்கிரம் காயும், வெயில்படும் சுவரில் மாட்டினால் வெளுக்கும். பிக்மென்ட் மை குழம்புபோல் தாளின்மேல் உட்காரும். நிறம் நிற்கும், காய நேரமாகும், பளபளப்புத் தாளில் காயவே காயாது. சால்வென்ட் மை கண்ணாடி, பிளாஸ்டிக், தகடு எதிலும் ஒட்டும். நிறமில்லாத, பிசுபிசுப்பான எம்பாசிங் மை தனி ரகம். அதன் வேலை, சூட்டில் உருகி மேடாக நிற்கும் எம்பாசிங் பவுடரைப் பிடித்துக்கொள்வது மட்டுமே.

தொடக்கத்தில் மூன்று பேட் போதும்: கறுப்பு, ஒரு எம்பாசிங் மை, மஞ்சளோ காவியோ ஒரு டை மை. கறுப்பை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். கோட்டுக்குள் வாட்டர் கலர் தீட்டுவதாக இருந்தால் காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாத கறுப்பு. ஆல்கஹால் மார்க்கர் என்றால் ஆல்கஹாலுக்கு அசையாத கறுப்பு. இரண்டும் ஒன்றல்ல. சால்வென்ட் கறுப்பு தண்ணீருக்குக் கல்லுப்போல் நிற்கும், மார்க்கர் பட்டதும் கரைந்து ஓடும். பேடின் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், கட்டிங் வேஸ்டில் பதித்துப் பத்து நிமிடம் விட்டு, ஈரத் தூரிகையையும் மார்க்கரையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

எழுத்து வெட்டுதல்

ஆங்கிலத்தில் வாழ்த்து ஸ்டாம்ப் ஆயிரம் கிடைக்கும். தமிழில் தேடினால் சலிப்புதான் மிஞ்சும். இரண்டு வழி இருக்கிறது. தெருமுனை ரப்பர் ஸ்டாம்ப் கடையில் கொடுத்துச் செய்வது ஒன்று. கறுப்பு வெள்ளையில் கோப்பு கொடுங்கள், சாம்பல் நிறம் கூடாது, எந்தக் கோடும் 0.4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ‘தானாக மை ஊறும் மாடல் வேண்டாம், வெறும் ரப்பர் மட்டும் போதும்’ என்று சொல்லுங்கள். மை உள்ளேயே இருக்கும் மாடலில் பிறகு நிறத்தை மாற்ற முடியாது. அந்த ரப்பரை 2 மில்லிமீட்டர் ஃபோம் டேப்பில் ஒட்டி, பிறகு மரக்கட்டையில் ஒட்டுங்கள். நடுவில் மெத்தை இல்லாமல் கட்டையில் நேராக ஒட்டினால் மேடான இடங்கள் மட்டும் பதிந்து, எழுத்து சொட்டையாக வரும்.

இன்னொரு வழி கையால் வெட்டுவது. சின்ன உருவத்துக்குச் சாதாரண அழிரப்பர் போதும். முழு வாக்கியத்துக்குக் கார்விங் பிளாக் என்று விற்கும் மெத்தென்ற ரப்பர் பலகை வேண்டும். எழுத்தின் உயரம் 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைக் கண்ணாடி பிம்பமாகப் புரட்டுவதில்தான் முதல் அனர்த்தம் நடக்கும். கம்ப்யூட்டரில் அடித்த எழுத்தை ஜெராக்ஸ் எடுத்து, அச்சு ரப்பரைப் பார்த்திருக்கும்படி கவிழ்த்து வைத்து, நெயில் பாலிஷ் ரிமூவரில் லேசாக நனைத்த பஞ்சால் முதுகில் ஒற்றினால் டோனர், அதாவது ஜெராக்ஸின் பொடி மை, ரப்பரில் இறங்கிவிடும். கவிழ்த்ததிலேயே எழுத்து புரண்டாகிவிட்டது. கம்ப்யூட்டரிலும் ஒருமுறை புரட்டியிருந்தால் இரண்டு புரட்டலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ரப்பரில் எழுத்து நேராகத் தெரியும், கார்டில் தலைகீழ் மொழி பேசும். ரப்பரில் வாசிக்க முடிந்தால் தப்பு, வாசிக்க முடியாவிட்டால் சரி. இங்க்ஜெட் பிரின்ட் இதற்கு உதவாது, டோனர்தான் வேண்டும். ரிமூவர் சொட்டச் சொட்ட இருந்தால் ரப்பர் மேல்பரப்பு கொழகொழத்துவிடும். அந்த வாசனை பிடிக்காதவர்கள் டிரேசிங் பேப்பரில் 4பி பென்சிலால் எழுதிக் கவிழ்த்து, கரண்டி முதுகால் தேய்க்கலாம்.

‘பொங்கல் வாழ்த்துகள்’ என்பதில் ஐந்து புள்ளி: ங், ல், ழ், த், ள். வெட்டுகிறவருக்கு எமன் இந்தப் புள்ளிகள்தான். நாலு பக்கமும் வெட்டுண்டு, தனியாகத் தூண்போல நிற்கும். கத்தியைச் செங்குத்தாகவோ உள்சாய்வாகவோ பிடித்தால் தூணின் இடுப்பு மெலிந்து, பத்தாவது கார்டில் ஒடிந்துவிடும். கத்தியை வெளிப்பக்கமாகச் சாய்த்து, மேலே குறுகலும் அடியில் அகலமுமாக, மணல்மேடுபோல் விட்டு வெட்டுங்கள். புள்ளியை எழுத்துக்கு முன்னாலேயே வெட்டிவிடுவது நல்லது. கை அசந்துபோன நேரத்தில் அதைத் தொடக் கூடாது. ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதுகிறவர்களுக்கு ஆறு புள்ளி. இலக்கணக்காரர்கள் பக்கம் எப்படியோ, ரப்பர் வெட்டுகிறவர்கள் பக்கம் தீர்ப்பு தெளிவு.

அடுத்த சிக்கல் எழுத்துகளின் கண். க, த, வ ஆகியவற்றின் மூடிய வயிறும் ஒற்றைக்கொம்பின் சுழியும் சிறியதாக இருந்தால் மை அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். வெட்டுவதற்கு முன்பே, எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, கண் பெரிதாக உள்ள உருண்டை எழுத்துருவாகப் பாருங்கள். கண்ணைத் தோண்டச் சின்ன வி-முனை உளி. ஒரு கை உளியை அசையாமல் பிடித்திருக்க, மறு கையால் ரப்பரைத் திருப்புங்கள். உளியைத் திருப்பினால் வளைவு உடைந்து கோணலாகும். ரப்பரைப் பிடித்திருக்கும் விரல்கள் உளியின் பாதையில் வேண்டாம். ஆழம் 2 மில்லிமீட்டர் போதும். எழுத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை மட்டும் அகல உளியால் நன்றாக இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கிருக்கும் முகடுகளும் மை தொட்டுக் கீறல் கீறலாகப் பதியும். சில கீறல்கள் கைவேலைக்கு அழகு. வாசகத்தின் நடுவில் அல்ல.

பதித்தல்

பேடில் ஸ்டாம்பை அமுக்காதீர்கள். ஸ்டாம்பை மல்லாக்க வைத்து, பேடை அதன்மேல் பத்துப் பன்னிரண்டு முறை லேசாகத் தட்டுங்கள். சாய்த்துப் பார்த்தால் மை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரியும். தாளுக்கு அடியில் மவுஸ் பேடோ மெல்லிய ஃபோமோ அவசியம். நேராக இறக்கி, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம்வரை அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். ஆட்டினால் ஓரத்தில் நிழல் விழும். கடையில் வாங்கிய கண்ணாடி ஸ்டாம்ப் (கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் ரகம்) புதிதில் மையைத் திவலை திவலையாக உருட்டிவிடும். செய்தபோது படிந்த வழுவழுப்பு அது. வெள்ளை அழிரப்பரால் அதன் முகத்தை ஒருமுறை தேய்த்தால் சரியாகிவிடும். மலிவு விலையில் கிடைக்கும் சிலிக்கான் ரகம் என்றால் எவ்வளவு தேய்த்தாலும் உருட்டிக்கொண்டேதான் இருக்கும், அதில் காசு போடாதீர்கள்.

இருபது கார்டிலும் வாசகம் ஒரே இடத்தில் நேராக விழக் கண்ணளவு போதாது. இரண்டு அட்டைப் பட்டைகளைச் சரியான செங்கோணத்தில் ‘ட’ போல ஒட்டி ஒரு மூலை செய்துகொள்ளுங்கள். அந்த மூலைக்குள் ஒரு ஓஎச்பி ஷீட்டை (ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் தாள்) இடித்து வைத்து, ஸ்டாம்பின் கட்டையையும் அதே மூலையில் இடித்து, ஷீட்டில் ஒருமுறை பதியுங்கள். இனி அந்த ஷீட்டைக் கார்டின்மேல் நகர்த்தி, எழுத்து எங்கே வர வேண்டுமோ அங்கே நிறுத்தி, ‘ட’ மூலையைக் கொண்டுபோய் ஷீட்டின் மூலையோடு இடித்து வையுங்கள். ஷீட்டை உருவிவிட்டு ஸ்டாம்பை அந்த மூலையில் இடித்துப் பதித்தால் மயிரிழை பிசகாது. ஸ்டாம்ப் ஒட்டிய கட்டை செங்கோணமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

பானையும் பின்னால் இரண்டு கரும்பும் வேண்டுமென்றால், முன்னால் இருப்பதை முதலில் பதிக்க வேண்டும். பானையைக் கார்டில் பதியுங்கள். அதையே ஸ்டிக்கி நோட்டின் பசையுள்ள பகுதியிலும் பதித்து வெட்டி எடுங்கள். கோட்டின்மேலேயே, ஒரு நூல் உள்வாங்கியே வெட்டுங்கள். வெளியே மிச்சம் விட்டு வெட்டினால் பானைக்கும் கரும்புக்கும் நடுவே வெள்ளை இடைவெளி தெரியும். அந்தத் துண்டால் பானையை மூடிவிட்டு, அதன்மேல் ஏறும்படியே கரும்பைப் பதியுங்கள். மூடியை உரித்தால் கரும்பு பின்னால் போயிருக்கும். மஞ்சள் சூரியனுக்கு ஸ்டாம்பே வேண்டாம். அட்டையில் வட்டம் வெட்டி, அந்த ஓட்டை வழியாகப் பஞ்சில் தொட்ட டை மையை ஓரத்திலிருந்து உள்ளே சுழற்றிக்கொண்டு வாருங்கள். பஞ்சை எடுத்ததும் தாளில் வைத்தால் அழியாத பொட்டு விழும். முதல் சுழற்சி அட்டைமேல் தொடங்கட்டும்.

காவி அட்டையில் வெள்ளைக் கோலம்

செங்காவி நிற அட்டையில் வெள்ளைக் கோலம், வாசலைப் பெயர்த்துக் கொண்டுவந்ததுபோல் இருக்கும். ஆனால் வெள்ளை மையை மட்டும் நம்பினால் காயக் காயத் தாளுக்குள் இறங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். வெள்ளை எம்பாசிங் பவுடர்தான் வழி.

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். இதை மறந்துவிட்டுப் பவுடர் டப்பாவைத் திறந்தவர்கள் அதன் பிறகு மறப்பதில்லை. ஈர நாளில் அட்டையை, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னில் பத்து நொடி காட்டி, ஈரத்தை விரட்டி, ஆறவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பவுடர் கோலத்தில் மட்டுமின்றி அட்டை முழுக்க ஒட்டிக்கொள்ளும். சூடு காட்டும்போது அட்டை வளைந்து எழும்பும். பிறகு சோள மாவை மெல்லிய துணியில் சிறு மூட்டையாகக் கட்டி, அட்டைமேல் ஒருமுறை ஒற்றுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பவுடர் நிற்காமலிருக்க இது.

புள்ளிகளுக்குத் தனி ஸ்டாம்ப் தேவையில்லை, பென்சிலின் பின்னாலிருக்கும் ரப்பர் போதும். எம்பாசிங் மையில் தொட்டு வரிசையாக வையுங்கள். உடனே பவுடரைத் தாராளமாகக் கொட்டி, மடித்த தாள்மேல் சாய்த்து, அட்டையின் முதுகில் விரலால் சுண்டுங்கள். மிச்சப் பவுடர் மொத்தமும் டப்பாவுக்கே திரும்பும். ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு துகள்களைக் காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். உருகிய பிறகு அவற்றை எடுக்க முடியாது.

ஹீட் கன்னைக் கார்டில் காட்டுவதற்கு முன் பத்துப் பதினைந்து நொடி வெளியே ஓட விடுங்கள். குளிர்ந்த காற்று முதலில் பட்டால் பவுடர் பறந்துவிடும். ஹேர் டிரையர் இதே காரணத்தால் தோற்கும்: காற்று அதிகம், சூடு குறைவு. ஹார்டுவேர் கடையின் பெரிய ஹீட் கன் எதிர்த்திசையில் அபாயம், தாளைக் கருக்கிவிடும். சுமார் 300 வாட் கைவேலை மாடல் போதுமானது. நாலைந்து சென்டிமீட்டர் தூரத்தில், முடிந்தால் அட்டையின் அடியிலிருந்து, ஓர் இடத்தில் நிறுத்திப் பிடியுங்கள். மணல்போல் மங்கலாக இருக்கும் பவுடர் ஒரு கணத்தில் நெகிழ்ந்து மினுமினுக்கும். மினுங்கிய நொடியில் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று நின்றால் உருகியது தாளுக்குள் இறங்கி, எண்ணெய்க் கறைபோல் தட்டையாகிவிடும். போதாமல் விட்டால் நகத்தால் சுரண்டியதும் உதிரும். முன்னதைத் திருத்த முடியாது; பின்னதை மறுபடி சூடு காட்டிச் சரிசெய்யலாம். ஆகவே சந்தேகம் வந்தால் சீக்கிரமே நிறுத்துங்கள்.

ஹீட் கன் வாங்காமல் முதலில் பார்த்துவிடலாம் என்றால், தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, அட்டையை இடுக்கியில் பிடித்துக் கல்லுக்கு இரண்டு விரல் மேலே காட்டலாம். மெதுவாகத்தான் உருகும், ஆனாலும் உருகும்.

கழுவுவதும் அனுப்புவதும்

வேலை முடிந்த கையோடு ஸ்டாம்பை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். பிடிவாதமான மைக்கு ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட். கண்ணாடி ஸ்டாம்பில் ஸ்பிரிட் வேண்டாம், நாளடைவில் விறைத்து வெடிக்கும், வெயிலும் வேண்டாம். மரக்கட்டையில் ஒட்டியதைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். அழிரப்பரில் வெட்டியவற்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் நேராக அடுக்கினால், அந்த ரப்பரிலிருக்கும் மென்மையூட்டி டப்பாவை இளக்கி இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவே தாள் வையுங்கள்.

மேலடுக்கை ஒட்ட வெள்ளைப் பசையைப் பூசினால் மெல்லிய தாள் அலை அலையாகச் சுருளும். டபுள் சைடு டேப் நல்லது, ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி. ஓரத்தோடு ஒட்டினால் கோடை வருவதற்குள் பசை கசிந்து உறையைப் பிடித்துக்கொள்ளும். பிக்மென்ட் மை பதித்த கார்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், ஒருநாள் முழுக்கக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, அதன் பிறகே உறையில் போடுங்கள்.

முகவரியைக் கார்டை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். உள்ளே வைத்துவிட்டுப் பால்பாயிண்டில் எழுதினால், கோலத்தின் நடுவே அஞ்சல் குறியீட்டு எண்ணும் பள்ளமாகப் பதிந்து கிடக்கும்.